டொன்சில் ஒப்பரேஷனுக்குப் பிறகு வீட்டில் கழியும் பத்து நாட்கள்: எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஏழாம் நாள் சாமம், ஒரு மணி இருக்கும். மகன் நித்திரையில் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தான். தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்கிறானோ என்று எழும்பிப் பார்த்தேன். தலையணை உறையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பில்லை, கடும் சிவப்பு. "மனே, வாயைத் திற" என்றேன். நாக்குக்குப் பின்னால் இடது பக்கத்தில் ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி. அதன் ஓரத்தால் நூல் போல இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஒரு கிழமை ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று அன்று மாலைதான் அயலில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். உண்மையில் இந்த ஒப்பரேஷனில் வீட்டார் கூடுதலாக விழித்திருக்க வேண்டிய காலம் ஐந்தாம் நாளில்தான் தொடங்குகிறது. அது எனக்கு அப்போது தெரியாது. வாட்டிலிருந்து விடும்போது யாரும் சொல்லவில்லையா, சொன்னது வீடு போகும் அவசரத்தில் என் காதில் ஏறவில்லையா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் யார் வீட்டில் டொன்சில் ஒப்பரேஷன் என்றாலும் போய் இருந்து சொல்லிவிட்டுத்தான் வருவேன். அப்படிச் சொல்பவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஒப்பரேஷன் செய்த டொக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஏன் ஒரு கிழமை கழித்து இரத்தம் வருகிறது?

டொன்சிலை எடுத்த இடத்தைத் தோல் போட்டு மூடுவதில்லை. முழங்காலில் சிராய்த்த காயம் போல அது திறந்தபடியே ஆறும். முழங்காலில் கறுப்பாகப் பொருக்குக் கட்டும். தொண்டை எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே கட்டும் பொருக்கு வெள்ளையாக, பாலாடை படிந்தது போல இருக்கும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அந்தப் பொருக்கு கழன்று விழும். கழலும்போது அடியில் இருக்கும் சின்ன இரத்தக் குழாய் ஒன்று திறந்துவிட்டால் இரத்தம் வரும். பெற்றோர் கவனமில்லாமல் இருந்ததால்தான் இப்படி நடந்தது என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால் மனம் உடைந்துபோகாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இது வரும்.

முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும் இரத்தப்போக்கு வேறு. அப்போது பெரும்பாலும் பிள்ளை வாட்டில் இருக்கும், பார்ப்பதற்கு ஆள் இருக்கும். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட டொன்சில் ஒப்பரேஷன்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இரத்தப்போக்கு வந்திருந்தது. திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தது 100 பேரில் ஒருவர் அளவில்தான். ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ஒருவர் நகரத்துக்கு அருகில் இருப்பதும், மண்முனைக்கு அப்பால் வயல்வெளிக்குள் இருப்பதும் ஒன்றல்ல.

முதல் வேலை: திகதி கிடைத்த அன்றே வழியைப் பாருங்கள்

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தவுடன் எல்லோரும் உடுப்பு, பிளாஸ்க், தலையணை என்று யோசிப்போம். முதலில் யோசிக்க வேண்டியது, நடுச்சாமத்தில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதைத்தான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். 2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முதல், இரவில் நோயாளியை வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குக் கொண்டுவரப் பாதைக்காரரை (வாவியைக் கடக்கும் மிதவையை ஓட்டுபவரை) கூப்பிட்டுக்கொண்டு துறையில் நின்ற காலம் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் வயல் ஓரக் கிராமங்களில் இரவில் யானை இறங்கும் பாதைகள் இருக்கின்றன, மாரியில் வெள்ளம் மூடும் பாதைகள் இருக்கின்றன. வாகரை, பொத்துவில் பக்கத்து ஆட்களுக்கு வேறு கஷ்டம். வழி நல்லது, தூரம்தான் கூட.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, முடிந்தால் முதல் பத்து நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். கல்லடியில் சின்னம்மா வீடு, கல்முனையில் மாமி வீடு, அக்கரைப்பற்றில் பெரியம்மா வீடு என்று யாருக்கும் ஒரு வீடு இருக்கும். கலியாணத்துக்கும் சடங்குக்கும் போய்க் கிழமைக்கணக்கில் நிற்கிறோம், இதற்கும் நிற்கலாம். ஐந்தாறு நாள்தான் முடியும் என்றால், முதல் நாட்களை விட ஐந்தாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாள் வரை நிற்பதுதான் புத்தி. எல்லோரும் மறுபக்கமாகத்தான் செய்கிறார்கள்: முதல் மூன்று நாள் டவுணில் நின்றுவிட்டு, பிள்ளை எழும்பி நடந்ததும் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

அடுத்தது, வாட்டிலிருந்து விடுவதற்கு முதல் டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ (தாதியிடமோ) நேராகக் கேளுங்கள்: "இரவில் இரத்தம் வந்தால் நாங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, கல்முனை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிகள் பல. ஆனால் தொண்டை ஒப்பரேஷன் செய்யும் டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் எல்லா இடத்திலும் எல்லா இரவிலும் இருக்க மாட்டார்கள். சிலருக்கு நேரே ஒப்பரேஷன் செய்த இடத்துக்கே வரச் சொல்வார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு, முதலில் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் சேலைன் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து அம்புலன்சில் வரச் சொல்வார்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கேட்டு, கடுதாசியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் நம்பரை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள். காசில்லாத சேவை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு கிழக்குக்கும் வந்தது. தமிழில் பேசலாம். பதற்றத்தில் வீட்டு விலாசம் வாயில் வராது, ஆகவே இப்போதே ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்: ஊர், எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்குப் பக்கம், எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும். அம்புலன்ஸ் வர நேரமாகும் என்று சொன்னால் போவதற்கு ஓர் ஓட்டோக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இரவில் கூப்பிட்டால் எழும்புவீங்களா தம்பி?" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் ஆள் எங்கள் ஊரில் இல்லை.

டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய சில விஷயங்களும் இருக்கின்றன. பல்லுப் பிடுங்கினால் நெடுநேரம் இரத்தம் நிற்காத ஆள் குடும்பத்தில் உண்டா, பிள்ளைக்குச் சும்மா தட்டினாலே உடம்பில் நீலம் பாரிக்கிறதா, அஸ்பிரின் போன்ற மருந்தோ நாட்டு மருந்தோ எடுக்கிறதா, கடைசி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் தடிமன் வந்ததா, ஆடும் பால்பல் இருக்கிறதா, நித்திரையில் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறதா. இந்தக் கடைசியை அசட்டை செய்யாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஒப்பரேஷன் முடிந்த முதல் இரவில் மூச்சுக் கஷ்டம் வர வாய்ப்பு கூட. அவர்களை வாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கலண்டரும் பையும்

ஒப்பரேஷன் நாளைப் பூச்சியம் என்று வைத்து, கலண்டரில் அடுத்த 14 நாட்களுக்கும் இலக்கம் போடுங்கள். 5 முதல் 10 வரை சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். அந்த நாட்களில் பிள்ளை பெரியவர் ஒருவருடன் ஒரே அறையில் படுக்க வேண்டும். அப்பா வெளியூர் வேலைக்குப் போக இருந்தால் அந்தக் கிழமையைத் தள்ளிப் போடட்டும்.

ஒரு துணிப் பையில் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இரத்த வகை எழுதிய துண்டு, ஒரு துவாய், ஒரு பிளாஸ்டிக் பேசின், டோர்ச், போன் சார்ஜர், கொஞ்சம் காசு வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பேசின் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில்: வலியும் தண்ணீரும்

முதல் இரண்டு நாள் பிள்ளை நன்றாக இருப்பது போல இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து வலி கூடும், ஒரு கிழமை வரை கூடிக் குறையும். அப்போது பிள்ளை தண்ணீர் குடிக்க மறுக்கும். குடிக்காவிட்டால் தொண்டை காயும், காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் குடிக்காது. இரத்தப்போக்குக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவது இப்படி நீர் வற்றித்தான். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எங்கள் பக்கத்து வெக்கையில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

இதை மருந்தால்தான் உடைக்க வேண்டும். வலித்த பிறகு மருந்து கொடுப்பது போதாது. டொக்டர் எழுதிய பனடோலை (பரசிட்டமோல்) நேரம் பார்த்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கொடுங்கள். விடியப்புற நேரத்து மருந்தைத் தவற விட்டால் காலையில் வலியோடு எழும்பி ஒரு மிடறும் குடிக்காது. வழக்கமான அளவு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியாக இருந்தால் அது 12.5 மில்லிலீற்றர். போத்தலில் உள்ள அளவு வேறாக இருக்கலாம், வாசித்துப் பாருங்கள், பாமசியிலும் கேளுங்கள். தடிமன் பாணி சிலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இபுபுரோஃபன், டைக்குளோஃபினாக் போன்றவை டொக்டர் எழுதியிருந்தால் மட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த வலிக் குளிசையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கோடீன் சேர்ந்த மருந்து எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சில உடம்புகளில் அது மிக வேகமாக மோர்ஃபினாக மாறி மூச்சை அடக்கிவிடும். இப்படிப் பிள்ளைகள் இறந்த பிறகுதான் 2013 இல் அமெரிக்காவில், டொன்சில் எடுத்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று கடுமையான எச்சரிக்கை விட்டார்கள்.

மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கக் கொடுங்கள். 20 கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் அளவு போக வேண்டும். பெரிய கிளாசில் கொடுத்தால் பார்த்தவுடனேயே அழும். நான் ஒரு பிளேன்டீக் கோப்பையில் பாதி பாதியாக, மணிக்கு ஒரு தடவை கொடுத்து, கதவில் சோக்கால் கோடு போட்டேன். இளநீர், கஞ்சித் தண்ணீர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்), ஆறிய பால்தேத்தண்ணி எதுவும் நல்லது. தோடம்பழம், தேசிக்காய்ச் சாறு எரியும். சாப்பாட்டில் உறைப்பும் புளியும் மட்டும்தான் உண்மையில் தொல்லை. குழைந்த சோறும் பால் சொதியும், சொதியில் ஊறிய இடியப்பம், வாழைப்பழம், யோகட் எல்லாம் போகும். எங்கள் எருமைத் தயிரில் கொஞ்சம் சீனி போட்டுக் குளிராகக் கொடுத்துப் பாருங்கள், வேறெதையும் தொடாத பிள்ளையும் நாலு கரண்டி விழுங்கும். குளிர்ச்சாமான் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று அம்மம்மாமார் தடுப்பார்கள். இந்தப் பத்து நாளைக்கு அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள், குளிர்தான் அந்தக் காயத்துக்குச் சுகம். முறுக்கு, பொரியல் போன்ற கரகரப்பானவற்றை சில டொக்டர்மார் தடுப்பார்கள், சிலர் எதையும் மென்று சாப்பிடட்டும் என்பார்கள். உங்கள் டொக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

எட்டு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, உதடு வெடித்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, சோர்ந்து படுத்தே கிடக்கிறது என்றால் வீட்டில் மல்லுக்கட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஓர் இரவு சேலைன் ஏற்றினால் பிள்ளை மாறிவிடும்.

பயப்பட வேண்டாதவை

தொண்டையில் தெரியும் வெள்ளையைச் சீழ் என்று நினைத்துப் பலர் ஓடி வருவார்கள். அது நான் சொன்ன பொருக்கு. சுரண்டவோ, தேன் மஞ்சள் தடவவோ, உப்புத் தண்ணீரால் பலமாகக் கொப்பளிக்கவோ வேண்டாம். வாய் மணக்கும், அதுவும் அந்தப் பொருக்கால்தான். பல்லை வழக்கம் போலத் தீட்டலாம். காது குத்தும். தொண்டைக்கும் காதுக்கும் போகும் நரம்பு ஒன்றாக இருப்பதால் தொண்டை வலி காதில் தெரிகிறது, காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள். முதல் ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடும், குரல் மாறும், வீக்கத்தால் சில கிழமை குறட்டை வரும்.

இரத்தம் வந்தால்

இனித்தான் முக்கியமான இடம். இதை இரண்டு தடவை வாசியுங்கள், வீட்டில் உள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இரத்தம் எப்போதும் வாயால் கொட்டாது. பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். நித்திரையில் திரும்பத் திரும்ப விழுங்குவது, காறுவது, கோப்பித் தூள் போலக் கறுப்பாகச் சத்தி எடுப்பது, காரணமில்லாமல் வெளுத்துப் போவது, கைகால் குளிர்வது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, இவையெல்லாம் உள்ளே இரத்தம் போவதன் அடையாளங்கள். ஒப்பரேஷன் செய்த அன்று சளியோடு ஒரு கீற்று வந்தால் வாட்டில் சொன்னால் போதும். வீட்டுக்கு வந்த பிறகு சிவப்பாக எவ்வளவு வந்தாலும் புறப்பட வேண்டியதுதான். "ஒரு தேக்கரண்டிதானே, நின்றுவிட்டதே, விடியட்டும்" என்று இருக்காதீர்கள். பெரிய இரத்தப்போக்குக்கு முதல் இப்படிச் சின்னதாக ஒன்று வந்து நிற்பதுண்டு.

20 கிலோப் பிள்ளையின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் இரத்தம். ஒரு பிளேன்டீக் கோப்பை நிறையப் போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரியவருக்கு அது ஒன்றுமில்லை, பிள்ளைக்குப் பெரிது. இன்னொன்று, பிள்ளையின் உடம்பு கடைசி வரை தாக்குப் பிடித்துவிட்டுத் திடீரென்று விழும். பேசுகிறானே, நடக்கிறானே என்று ஏமாறக்கூடாது.

செய்ய வேண்டியது இப்படி. பிள்ளையை எழுப்பி உட்கார வையுங்கள். முன்பக்கம் குனிய வைத்து, பேசினை மடியில் கொடுத்து, வருவதையெல்லாம் துப்பச் சொல்லுங்கள். விழுங்க வேண்டாம், விழுங்கினால் சத்தி வரும், சத்தி வந்தால் இரத்தம் கூடும். துப்பிய பேசினைக் கொட்டாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்று டொக்டர் பார்க்க வேண்டும். ஒருவர் 1990 க்கு அடிக்கட்டும், அல்லது ஓட்டோவைக் கூப்பிடட்டும், எது முதலில் வருமோ அது. அம்புலன்ஸ் என்றால் ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் போய் நிற்கட்டும். என்ன நாள், என்ன ஒப்பரேஷன், எப்போது இரத்தம் தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதைச் சொல்லுங்கள்.

குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்க வேண்டாம். தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் வயிறு நிறைந்திருப்பது ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், இரத்தம் மூச்சுக் குழாய்க்குள் போகும். மயங்கிச் சரிந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். விரலையோ துணியையோ வாய்க்குள் விட்டு அழுத்தாதீர்கள். தொண்டையில் தெரியும் இரத்தக் கட்டியை எடுக்கப் பார்க்காதீர்கள். மஞ்சள், கோப்பித் தூள், வேறு எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போவதையும் கூடிய மட்டும் தவிருங்கள், குனிந்து துப்ப இடமிருக்காது, மயங்கினால் பிடிக்க முடியாது.

நான் அன்றிரவு இதில் இரண்டு பிழைகள் செய்தேன். இரத்தம் கழுவுப்படட்டும் என்று ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். ஓட்டோவில் களைத்துப் போய்விட்டானே என்று மடியில் மல்லாக்கப் போட்டேன். பாலத்தடியில் வரும்போது இருமிக்கொண்டு எழும்பி, என் சாரி நிறையச் சத்தி எடுத்தான். தண்ணீரும் இரத்தமும் கட்டியும் கலந்து வந்தது. ஓட்டோக்காரத் தம்பிதான் ஓரமாக நிறுத்தி அவனை நிமிர்த்தி உட்கார வைத்தான். இந்த இரண்டையும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்பதால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில்

நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஓ.பி.டி வரிசையில் நிற்காதீர்கள். "டொன்சில் எடுத்து இத்தனையாம் நாள், இரத்தம் வருகிறது" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். கையில் கனுலா (சேலைன் ஏற்றும் சின்னக் குழாய்) போட்டு, சேலைன் ஏற்றி, இரத்தம் எடுத்து வகையும் அளவும் பார்ப்பார்கள். இரத்தம் நிற்க ஊசி மருந்து போடலாம். பெரிய பிள்ளை, பெரியவர் என்றால் கொப்பளிக்க மருந்து கொடுக்கலாம், மருந்தில் நனைத்த பஞ்சால் அழுத்திப் பார்க்கலாம். அதிலும் நிற்காவிட்டால் மயக்கி, இரத்தம் வரும் குழாயைச் சுட்டு அடைப்பார்கள் அல்லது கட்டுவார்கள். சில வேளை இரத்தம் ஏற்ற வேண்டி வரும்.

போய்ச் சேரும்போது இரத்தம் நின்றிருக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான். வாசலிலேயே மகன் "அம்மா, வீட்ட போவம்" என்றான், எனக்கும் அதே ஆசை. வயது குறைந்த டொக்டர் ஒருவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கு அம்மா, இண்டைக்கு விட மாட்டன்" என்று வாட்டில் போட்டார். விடிய ஐந்து மணிக்கு மறுபடி வந்தது, இந்த முறை பேசின் நிறைய. கனுலா ஏற்கெனவே கையில் இருந்தது, அவனுக்கென்று ஒழுங்கு செய்த இரத்தமும் தயாராக இருந்தது. இருபது நிமிடத்தில் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். நான் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த நேரம் படுவான்கரையில் இருந்திருப்போம். ஆகவே வாட்டில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். விருப்பத்தின் பேரில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

இரத்தம் தவிர வேறு ஆபத்துகள்

மூச்செடுக்கும்போது கீச்சென்ற சத்தம், விலா எலும்புக்கு இடையில் உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 1990.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் 38.5 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் நின்றால் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மாரியில் டெங்கு பரவும். டெங்கில் இரத்தத்தை உறைய வைக்கும் இரத்தத் தட்டுக்கள் குறையும். அந்த நேரத்தில் தொண்டையில் ஆறாத காயமும் இருந்தால் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்றால் தொண்டைக் காய்ச்சல்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல், ஒப்பரேஷன் விஷயத்தையும் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பனடோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள். பிள்ளையை நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள்.

கழுத்தை ஒரு பக்கம் சரித்து வைத்துக்கொண்டு திருப்ப முடியாமல் வலிக்கிறது என்றால், அல்லது வாயைத் திறக்கவே முடியாமல் தாடை இறுகினால் அதையும் காட்டுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். அரிதாக ஒப்பரேஷனுக்குப் பிறகு கழுத்து எலும்பின் மூட்டு விலகி நிற்பதாலும் இப்படி வரும். அதை உருவினால் பெரிய கேடு.

பெரியவர்கள் எடுத்தால்

இருபது முப்பது வயதில் டொன்சில் எடுப்பவர்களுக்கு வலியும் கூட, இரத்தம் வரும் வாய்ப்பும் கூட. ஆனால் அவர்கள்தான் நாலாம் நாள் வயலுக்கும் கடைக்கும் போகிறார்கள். இரண்டு கிழமை பாரம் தூக்க வேண்டாம். சிகரெட், வெற்றிலை, சாராயம் எதுவும் வேண்டாம். நோன்பு காலத்தில் ஒப்பரேஷன் விழுந்தால் நோன்பைப் பிறகு கழாச் செய்வது (விட்ட நோன்பை வேறு நாளில் பிடிப்பது) பற்றி மௌலவியிடம் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அந்தத் தொண்டை ஆறாது.

பிள்ளைகளுக்கும் இரண்டு கிழமை பள்ளிக்கூடம், சைக்கிள், கடல் குளிப்பு, கோயில் சன நெரிசல் எதுவும் வேண்டாம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும்போது பிள்ளையை வீட்டில் மறிப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். அந்த முறை எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சடங்கு முடிவில் நடக்கும் திருக்குளிர்த்திக்குப் போகவில்லை.

பத்தாம் நாள் கழிந்ததும் பையைக் கழற்றி வைத்துவிடாதீர்கள், இரத்தம் சிலருக்கு அதற்குப் பிறகும் வரும். பதினான்காம் நாள் காலை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை போய், இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பாக இருந்தால் பேசினைக் கழுவி அடுப்படியில் வைக்கலாம். இரத்தம் போன பிள்ளைக்கு இரும்புச் சத்து மருந்து எழுதியிருந்தால் முடியும் வரை கொடுங்கள், கிளினிக் திகதி அன்று கொப்பியோடு போங்கள்.